அப்பா சொன்ன ‘ஆமாம்’

அப்பா ‘ஆமாம்’ என்று சொன்ன அந்தக் காலை என் மனதை விட்டுப் போகவே இல்லை. ஏரிக்கரையில் நின்றிருந்தோம். சேற்றோரம் ஒரு சிறு பறவை வாலை ஆட்டி ஆட்டி ஓடியது. அவசரத்தில் நான் ‘பச்சைக்காலி’ என்று சொல்லிவிட்டேன். வாயை மூடும்முன்பே தவறு என்று தெரிந்துவிட்டது. அது வெறும் உள்ளான். பச்சைக்காலி அதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும், அப்படி வாலை ஆட்டிக்கொண்டும் ஓடாது. பறவை பார்க்கத் தொடங்கிய முதல் வருடத்திலேயே அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அப்பா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே ‘ஆமாம்’ என்றார்.

என் அப்பாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ஒரு இறகின் ஓரம் வெள்ளையா மங்கலா என்று அரை மணி நேரம் வாதாடுகிற மனிதர் அவர். நான் சரியாகச் சொன்னால்கூட ‘எப்படித் தெரியும், காரணம் சொல்’ என்று கேட்பவர். அவர் என் தவறுக்குத் தலையாட்டினார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் கடைசியாக என்னோடு எப்போது வாதாடினார்? ஞாபகம் வரவில்லை. சமீப காலமாக அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தது வேறு ஒன்று: ‘முன்னைப்போல் இப்போது பறவைகள் வருவதில்லை.’ நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

நான் வாங்கிக் கொடுத்தது

அவருக்கு எழுபது வயது நிறைந்தபோது நான் ஒரு புது பைனாகுலர் பரிசளித்திருந்தேன். 10×25 என்று எழுதியிருக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் விட்டம் 25 மி.மீ. நல்ல கண்ணாடி, விலையில் நான் குறை வைக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும், கழுத்தை இழுக்காது. அன்று எனக்கு இருந்த கணக்கு மிக எளிது. அப்பாவுக்குப் பார்வை மங்குகிறது, ஆகவே இன்னும் பெரிதாகக் காட்டுவது வேண்டும். அப்பாவுக்கு வயதாகிறது, ஆகவே இன்னும் இலேசானது வேண்டும். இரண்டும் நியாயமாகத் தெரிந்தன. இரண்டையும் சேர்த்ததில் அவர் கண்ணுக்கு மிகக் கடினமான ஒரு கருவியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

அதற்கு முன்பு அவரிடம் இருந்தது ஒரு பழைய 7×35. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டில் இருந்தது. உள்ளே பூஞ்சை படர்ந்து, ஒரு பக்கத்துப் பட்டகம் சற்று நகர்ந்து, கொஞ்ச நேரம் பார்த்தாலே தலை வலிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. புதியது வந்ததும் அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

ஜன்னலோரம்

அந்த ‘ஆமாம்’ நடந்து சில நாட்கள் கழித்து ஒரு பிற்பகல். அப்பா ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் மரத்தில் எதையோ பார்க்க பைனாகுலரைத் தூக்கினார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வானம் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணுக்கும் பைனாகுலருக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி வழியாக அவருடைய கண்ணைப் பக்கவாட்டில் பார்த்தேன்.

கண்ணின் மேல் ஒரு சின்ன ஒளி வட்டம். கடுகளவுதான் இருக்கும். அது கருவிழியின் பழுப்பில் விழுந்தது, வெள்ளையில் விழுந்தது, ஒரு கணம் கண்மணிக்குள் நுழைந்து மறைந்தது, மறுபடி வெளியே வந்து இமையோரம் நடுங்கியது. அவருடைய கை நடுக்கத்தோடு சேர்ந்து அதுவும் அலைந்தது. அந்த வட்டம் கண்மணிக்குள் போய் மறையும் கணத்தில் மட்டும்தான் அப்பா பறவையைப் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் அவர் முன்னால் இருப்பது இருட்டு. இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த பக்கம் போய்ப் பார்த்தேன். அந்தக் கண்ணில் வட்டம் கருவிழியின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தது, உள்ளே போகவே இல்லை.

‘அப்பா, தெரிகிறதா?’ என்று கேட்டேன்.

‘தெரிகிறது, தெரிகிறது’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘வந்து வந்து போகிறது’ என்றார்.

எத்தனை காலமாக இப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஆசையாகக் கொடுத்த பரிசைக் குறை சொல்லவேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியிருப்பேன். அவர் அதைச் சொல்லமாட்டார். சொல்லாமல்தான் அத்தனை காலைகளிலும் என்னோடு ஏரிக்கு வந்து, கழுத்தில் அதை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

கடுகும் மிளகும்

அந்த ஒளி வட்டத்தின் அளவை யாரும் கணக்கிட்டுவிடலாம். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் போதும். 10×25 என்றால் 2.5 மி.மீ. அலமாரி மேலிருந்த பழைய 7×35 என்றால் 5 மி.மீ. அன்று மாலையே இரண்டையும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கை நீட்டும் தூரத்தில் வைத்து, கண்ணருகு லென்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் கடுகு, ஒன்றில் மிளகு. பூஞ்சை பிடித்த கண்ணாடியின் வட்டம் மங்கலாக இருந்தது. ஆனால் பெரிதாக இருந்தது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது கண்மணி எவ்வளவு விரியும் என்பதைத்தான். இளவயதில் இருட்டில் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், எழுபதை நெருங்கும்போது பலருக்கு அது 5 மி.மீ. அளவிலேயே நின்றுவிடும். ஆளுக்கு ஆள் வேறுபடும், ஆனால் போகும் திசை ஒன்றுதான். ஆகவே வயதானவர்களுக்குப் பெரிய ஒளி வட்டம் வீண், கண்மணிக்கு வெளியே விழும் ஒளியால் என்ன பயன் என்பார்கள். பகலில் கண்மணி 2 அல்லது 3 மி.மீ.தானே, 2.5 மி.மீ. வட்டமே போதும் என்பார்கள். வெளிச்சக் கணக்கில் இது சரி. நானும் வாங்கும்போது இதைப் படித்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கணக்கில் கண் அசையாமல் நிற்கிறது. நிஜத்தில் கை நடுங்குகிறது, கழுத்து சாய்கிறது, மூக்குக் கண்ணாடி வழுக்குகிறது. 2.5 மி.மீ. கண்மணிக்கு முன்னால் 2.5 மி.மீ. வட்டம் வந்தால் இரண்டும் துல்லியமாகப் பொருந்தியாக வேண்டும்; ஒரு மி.மீ. விலகினாலும் ஓரம் கறுத்து, பிறைபோல் ஒரு நிழல் படத்தைத் தின்னும். அதே கண்மணிக்கு முன்னால், 8×42 பைனாகுலர் தருவதுபோல், 5.25 மி.மீ. வட்டம் வந்தால் எந்தப் பக்கம் 1.3 மி.மீ. விலகினாலும் கண்மணி ஒளிக்குள்ளேயே இருக்கும். ‘வீண்’ என்று ஒதுக்கப்பட்ட அந்த ஓரத்து ஒளிதான் முதிய கைக்கும் கழுத்துக்கும் கிடைக்கும் இடம். அதிலும் இரண்டு கண்களுக்கும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும் என்பதை நினைத்தால், அப்பா ஒற்றைக் கண்ணால்தான் பார்த்துவந்திருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை, வருத்தமாக இருந்தது.

வேட்டைத் துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்திச் சுடுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். பின்னுதைப்பு கண்ணில் இடிக்காமல் இருக்க அவர்களுடைய கண், லென்ஸிலிருந்து ஏறக்குறைய 90 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் தலை சற்று நகர்ந்தாலும் காட்சி கறுத்துவிடும். 3 முதல் 9 மடங்கு வரை மாற்றக்கூடிய 40 மி.மீ. தொலைநோக்கியை ஒருவர் 9 மடங்கில் வைத்தால் வட்டம் 4.4 மி.மீ.; 4 மடங்குக்கு இறக்கினால் 10 மி.மீ. வயதான வேட்டைக்காரர் அந்தி வெளிச்சத்தில் உருப்பெருக்கத்தைக் குறைத்து வைப்பது கண் சட்டென்று அமர்வதற்காக. அவர்கள் இதைக் கண்ணை மன்னிக்கிற தொலைநோக்கி என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் அப்பாவுக்குக் கொடுத்தது மன்னிக்காத கண்ணாடி.

வெள்ளெழுத்து செய்யும் வேலை

வெள்ளெழுத்து என்றால் பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். தூரத்துப் பறவைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? நிறையவே இருக்கிறது. இளமையில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்துகொடுக்கும். பைனாகுலரின் ஃபோகஸ் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் கண் தானே மிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். நமக்கு அது தெரிவதுகூட இல்லை. வயதாக ஆக அந்த லென்ஸ் விறைத்துப்போகிறது. அப்புறம் சக்கரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் தெளிவு, அதற்கு ஒரு முழம் முன்னாலும் பின்னாலும் மங்கல். பறவை கிளை மாறினால் மறுபடி சக்கரத்தைத் திருக வேண்டும்.

நான் ஃபோகஸ் செய்து ‘இந்தாங்கள் அப்பா, சீக்கிரம்’ என்று நீட்டுவேன். அவர் வாங்கி, கண்ணில் வைத்து, சக்கரத்தை ஒரு பக்கம் திருகி, மறுபக்கம் திருகி, அதற்குள் பறவை போய்விடும். ‘கொஞ்சம் வேகமாகப் பார்த்திருக்கலாமே’ என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போதும் அந்த வாக்கியம் சுடுகிறது.

இங்கேயும் உருப்பெருக்கம்தான் வினை. தெளிவாகத் தெரியும் தூரத்தின் ஆழம் உருப்பெருக்கத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் சுருங்கும். பத்து மடங்குக்கு 100, எட்டு மடங்குக்கு 64. அதாவது பத்திலிருந்து எட்டுக்கு இறங்கினாலே தெளிவின் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடுகிறது. வளையும் கண் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. வளையாத கண்ணுக்கு இதுதான் பறவையைப் பார்ப்பதற்கும் தவறவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். கை நடுக்கமும் அப்படியே: பத்து மடங்கு பறவையைப் பெரிதாக்கும்போது நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்குகிறது.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றலாமா

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் ஃபோகஸ் சக்கரமே அதைச் சரிசெய்துவிடும். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் என்றால் வலது கண்ணுக்குத் தனியாக உள்ள வளையம் உதவும். வலது முன் லென்ஸைக் கையால் மூடி, இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்தால் தெளிவு வரவைக்க வேண்டும். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், அதே பொருளை வலது கண்ணுக்கு வளையத்தால் தெளிவாக்க வேண்டும். அப்பாவின் பைனாகுலரில் அந்த வளையம் பெட்டியிலிருந்து எடுத்த நாளிலிருந்து தொடப்படவே இல்லை. அதன் வேலை என்னவென்று அவருக்கு நான் சொல்லவில்லை. எனக்கே அது சரியாகத் தெரியாது.

ஆனால் கண் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் ‘சிலிண்டர்’ என்று ஒரு எண் இருந்தால் கதை வேறு. கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். அந்தக் குறையை எந்தச் சக்கரமும் தீர்க்காது. அது கணிசமாக இருந்தால் மூக்குக் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அப்படித்தான். மூக்குக் கண்ணாடி போட்டவரின் கண் பைனாகுலரை ஒட்டி வராது. அதனால் ஒளி வட்டம் லென்ஸிலிருந்து நன்றாகத் தள்ளி விழ வேண்டும். அந்தத் தூரம் குறைந்தது 15 மி.மீ. இருக்க வேண்டும், 17 அல்லது 18 இருந்தால் நிம்மதி. பழைய 7×35 இவ்விடத்தில்தான் அவருக்கு உதவாமல் போனது: வட்டம் பெரிது, ஆனால் லென்ஸுக்கு மிக அருகில் விழுந்தது. மூக்குக் கண்ணாடியோடு பார்த்தால் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். இன்னொன்று, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துச் செய்த கண்ணாடி அணிந்தவர் பைனாகுலரைச் சற்று கீழே வைத்துவிட்டால், படிக்கும் பவருள்ள கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பார். எல்லாம் கலங்கும். மேல்பாதி வழியாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எதை வாங்குவதற்கும் முன்னால் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். இரண்டு கண்ணிலும் புரை தொடங்கியிருக்கிறது, இப்போதைக்கு அறுவை தேவையில்லை, மூக்குக் கண்ணாடியின் பவரை மாற்றினால் போதும் என்றார். கண்புரை வந்த லென்ஸ் ஒளியைச் சிதறடிக்கும். கொஞ்சம் மஞ்சளாகி நீல நிறத்தை விழுங்கும். ஓவியர் மோனே 1923இல் கண்புரை அறுவை செய்துகொள்வதற்கு முன்பு நிறங்களை நம்ப முடியாமல் சாயக் குழாய்களின் பெயரைப் பார்த்துத் தீட்டினார் என்பார்கள். அப்படிப்பட்ட கண்ணுக்குப் பெரிதாகக் காட்டுவதைவிடச் சுத்தமாகக் காட்டுவது முக்கியம். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பைனாகுலருக்குள் அப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். போவதோடு நிற்காமல் உள்ளேயே அலைந்து படத்தின் மேல் பால்போல் படரும். 1935இல் ஜெர்மனியில் ஸ்மகுலா என்ற இயற்பியலாளர் கண்டுபிடித்த எதிரொளி தடுக்கும் பூச்சு இன்று எல்லா நல்ல பைனாகுலரிலும் எல்லாப் பரப்பிலும் உண்டு. வாங்கும்போது சூரியனுக்கு நேராக இல்லாமல், அதன் அருகே இருக்கும் நிழலான ஒரு கிளையைப் பார்க்க வேண்டும். படம் வெளிறினால் அந்தக் கண்ணாடி புரை விழுந்த கண்ணுக்கு ஆகாது.

இந்த முறை அவர் கையில்

இந்த முறை நான் தேர்ந்தெடுக்கவில்லை. நான்கு பைனாகுலர்களை அவர் முன்னால் வைத்தேன், எண்களைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒரே ஒரு சோதனைதான் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பைனாகுலரைத் தூக்கி மூக்குக் கண்ணாடியில் பதித்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். திறந்ததும் முழு வட்டம் தெரிகிறதா, அல்லது தேட வேண்டியிருக்கிறதா? ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை. 10×42இல் ஐந்துக்கு இரண்டு முறை தேடினார். 8×32 இலேசாக இருக்கிறது என்று ஆசையாகப் பார்த்தார், ஆனால் அதிலும் ஒருமுறை பிறை நிழல் வந்தது. 8×42இல் ஐந்து முறையும் கண் திறந்ததும் ‘ம்’ என்றார். ரப்பர் வளையங்களைக் கீழே இறக்கிவைத்து, இரண்டு குழாய்களையும் அவருடைய கண்களின் அகலத்துக்கு மடக்கிக் கொடுத்தபின் ‘இரண்டு கண்ணிலும் தெரிகிறது’ என்றார். அதை அவர் ஒரு செய்தியைப்போல் சொன்னார். எடை எழுநூறு கிராமுக்கு மேல். கழுத்து வாருக்குப் பதிலாகத் தோளில் பரவும் பட்டை போட்டதும் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

பத்து நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில் மறுபடி ஏரிக்கரை. எதிர்க்கரைச் சேற்றில் நீண்ட காலுள்ள ஒரு பறவை தனியாக இரை தேடிக்கொண்டிருந்தது. நான் நன்றாகவே பார்த்தேன். கால் சாம்பல் பச்சை. நிதானமாகச் சொன்னேன்: ‘பச்சைக்காலி.’

அப்பா பதில் சொல்லவில்லை. முழங்கைகளை விலாவில் ஊன்றி, மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் அவருடைய கண்ணைப் பார்த்தேன். ஒளி வட்டம் கண்மணியைச் சுற்றி ஒரு மெல்லிய விளிம்பாகத் தெரிந்தது. நடுங்கியது, ஆனால் விலகவில்லை.

‘பவளக்காலி’ என்றார்.

‘இல்லை அப்பா, காலைப் பாருங்கள். சிவப்பே இல்லை.’

‘கால் முழுக்கச் சேறு. அலகின் அடியைப் பார், சிவப்பு இருக்கிறது. பச்சைக்காலிக்கு அலகு கொஞ்சம் மேல் நோக்கி வளைந்திருக்கும், இதற்கு நேராக இருக்கிறது.’

‘இந்த வெளிச்சத்தில் அது எப்படி…’

‘பறக்கட்டும், இரு’ என்றார். பைனாகுலரை இறக்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம். கொக்கு ஒன்று வந்து இறங்க, அந்தப் பறவை கூவிக்கொண்டே எழுந்து தண்ணீருக்கு மேல் சாய்ந்து திரும்பியது. இறக்கைகளின் பின்னோரம் அகலமான வெள்ளைப் பட்டை.

‘காரணம் சொல் இப்போது’ என்றார் அப்பா.